அப்பாவின் கல்லில் எந்த ஆண்டு

ஆகஸ்ட் 4, திங்கள்

புகைமூட்டம். தொண்டை எரிச்சல். ஐந்தாம் படிவ வரலாற்றுத் தாள் இன்னும் 38 பாக்கி.

மந்தின் ஊரில் கல்லறைக் கல் வெட்டுகிறவரிடமிருந்து போன். "டீச்சர், ஒங்கப்பா பொறந்த வருசம் வெள்ளிக்குள்ள சொல்லுங்கலா. மத்ததெல்லாம் ரெடி." இரட்டைக் கல். இடப்பாதி அப்பாவுக்கு. வலப்பாதி, அம்மாவுக்கென்று வெறுமையாக.

அடையாள அட்டையில் 1946. வீட்டு பைபிளின் முன்பக்கத்தில் 1943. எஸ்டேட் ஆபீஸ் கிராணி தப்பாகப் பதிந்துவிட்டார் என்று அப்பா சாகும்வரை சொன்னார். 43தான் என்கிறார் சாமுவேல் அண்ணன். 46 என்கிறேன் நான். அப்பா இருந்தால் நடுவில் உட்கார்ந்து இருவரையும் அடக்கியிருப்பார்.

ஆக. 5, செவ்வாய்

மாலை போர்டிக்சன், அண்ணன் வீடு. அம்மாவும் அங்கேதான். கூடத்தில் அண்ணனின் வேத வகுப்பு, ஆறு பேர். சுவரில் பெரிய அட்டை: எருசலேம் அழிந்தது கி.மு. 607. வரலாற்றுப் புத்தகங்களில் 587. பாபிலோன்காரர்கள் அந்தந்த வருடமே எழுதிய களிமண் பலகைகள், ராஜா வாரியாக, குவிந்து கிடக்கின்றன. அண்ணனுக்கு அவை கணக்கில் இல்லை. சிறையிருப்பு எழுபது வருடம் என்று வசனம் இருக்கிறதாம், அது முடிந்த ஆண்டிலிருந்து பின்னால் எண்ணி ஆண்டைத் தள்ளி வைத்தாயிற்று. செருப்புக்கு ஏற்றபடி காலை வெட்டுகிற வேலை.

அண்ணனிடமே சொல்லிவிட்டேன்.

"மனுசன் எழுதுன மண்ணு ஒனக்குப் பெருசு. வேதம் பொய்யாப் போச்சு, அப்படித்தானே?"

ஆறு பேரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். அண்ணி மட்டும், "தேத்தண்ணி ஆறுது, குடிங்க."

அண்ணன்மேல் வெறுப்பே வருகிறது. இங்கேயாவது எழுதி வைக்கிறேன். வரும்போது வீட்டு பைபிளைக் கேட்டு வாங்கி வந்தேன்.

ஆக. 6, புதன்

வாங்க: தொண்டை மாத்திரை, சிவப்புப் பேனா, அம்மாவுக்கு ஓட்ஸ்.

முன்பக்கம். அப்பா பிறப்பு 1943. அம்மா பிறப்பு 1945. கல்யாணம் 1968. மூன்றும் ஒரே நீல மை, ஒரே கையெழுத்து. பக்கத்தைத் திருப்பினால் பைபிள் அச்சான ஆண்டு 1967. ஆக, கல்யாணத்துக்குப் பிறகு ஒரே மூச்சில் எழுதியது. என்னிடம் இருக்கும், கிராணி பதிந்த பிறப்புச் சூராட்டில், அந்தச் சான்றிதழில், முத்திரை விழுந்ததோ 1946இல், அப்பா பிறந்த ஐந்தாம் நாளே.

மாட்டினார் அண்ணன். சந்தோஷம்தான், மறைப்பானேன்.

ஆக. 7, வியாழன்

மழை. புகை குறைந்தது. தாள் 21 பாக்கி.

பள்ளி முடிந்து நேரே அண்ணன் வீடு. அந்த அட்டைக்குக் கீழேயே பைபிளை விரித்தேன். மை, அச்சான ஆண்டு, சூராட், எல்லாம் காட்டினேன். "அண்ணே, இதுவும் ஒங்க 607 மாதிரிதான். அப்புறமா ஒக்காந்து, வேண்டிய வருசத்துக்கு இழுத்து எழுதுனது."

அண்ணன் பைபிளை முகத்தருகே தூக்கிப் பார்த்தார்.

வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா கத்தியை வைத்தார். "அது நான் எழுதுனது."

அம்மா அப்பாவைவிட ஒரு வயது மூத்தவர். மூத்த பெண்ணைக் கட்டிக்கொண்டான் என்று எஸ்டேட் லயத்து வீடுகளில் பேச்சு வரக்கூடாது. அதனால் அப்பா சொல்லச் சொல்ல அம்மா எழுதியிருக்கிறார். "ரெண்டு வயசாச்சும் பெரியவனா இருக்கணும்னாரு. கிராணி மேல பழியப் போட்டுக்கலாம்னாரு." 45ஓடு முடிந்த ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கு தின்று வளர்ந்ததாக அப்பா சொல்வாரே, அது? கேட்கவில்லை.

வகுப்புக்கு முன்னதாக வந்த இருவர் வாசலிலேயே நின்றிருந்தார்கள். எல்லாம் கேட்டிருக்கிறது. அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அறைக்குள் போனார். எண்பது வயதில், என்னால்.

"சந்தோசமா?" என்றார் அண்ணன்.

ஆக. 8, வெள்ளி

வெயில். மாத்திரை வாங்க மறந்தேன். அம்மா போனை எடுக்கவில்லை, இரண்டு தடவை.

பத்து மணிக்குக் கல் வெட்டுகிறவர் போன் செய்தார். 46 என்று சொல்ல வாயெடுத்தேன். கல்லில் அம்மாவுக்கான அந்த வலப்பாதி நினைவுக்கு வந்தது. ஒருநாள் அதில் 1945 என்று வெட்டுவார்கள், பக்கத்திலேயே.

"நாப்பத்தி மூணு," என்றேன்.

"நல்லாத் தெரியுமா டீச்சர்? அப்புறம் மாத்த முடியாதுலா."

"தெரியும். வீட்டு பைபிள்ல எழுதியிருக்கு."