சாய் விட்ட கை

ஜூன் 3, புதன்

சாரல் தொடங்கிவிட்டது. துவைத்த துணி மூன்றாம் நாளும் காயவில்லை. மாடி வீட்டு முருகம்மாள் அக்கா, குத்தாலச் சீசனுக்கு உங்க வீட்டுக்காரரு வருவாரா என்று கேட்டாள். லீவு கிடைக்காது என்றேன். சாய்கிருஷ்ணன் பிரிந்து போய் இரண்டு வருடம் ஆகிறது. தென்காசியில் யாருக்கும் சொல்லவில்லை.

போன வருடம் ஆன்லைன் ஆட்டத்துக்குத் தடை வந்ததிலிருந்து சீட்டையே தொடவில்லை. அடுத்த வாரம் கோவாவில் போக்கர் போட்டி. பெயர் கொடுத்திருக்கிறேன். சாயும் ஆடுகிறானாம், முன்பு எங்களோடு ஆடிய தளவாய் போனில் சொன்னான்.

ஜூன் 5, வெள்ளி

ஒருவேளை கடைசி மேசையில் சாய் எதிரே உட்கார்ந்தால்?

அவனை எனக்குத் தெரியும். யார் தன் பந்தய சிப்ஸ் மொத்தத்தையும் தள்ளினாலும், கையில் குப்பை இருந்தாலும், 'பாத்துருவோம்' என்று தானும் கட்டிவிடுவான். மோசமான ஆட்டக்காரன் எதிரே இருந்தால் நமக்கு லாபம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். கடைசியில் அப்படி இல்லை. பரிசு இடத்தைப் பொறுத்தது. நானும் அவனும் மோதினால் யார் ஜெயித்தாலும், சும்மா உட்கார்ந்திருக்கிறவன் ஓர் இடம் மேலே ஏறுவான். அவன் முட்டாள்தனத்தில் பாதி நஷ்டம் என்னுடையது.

சீட்டுக்காகத்தான் எழுதுகிறேன். சீட்டுக்காக மட்டும்தானா?

ஜூன் 9, செவ்வாய்

புளியறை வழியாகக் கேரளாவுக்கு பஸ், பிறகு கோவாவுக்கு ரயில். சாப்பாடு விற்றவர் 'ஒண்ணு போதுமா?' என்றார். போதும்.

ஜூன் 12, வெள்ளி, கோவா

எழுதாமல் இருக்க முடியவில்லை.

கடைசி நால்வர். என்னிடம்தான் சிப்ஸ் அதிகம். அடுத்தது சாய். பெங்களூர்க்காரர் ஒருவர் மூன்றாவது. ஒரு பஞ்சாபிப் பெரியவர், இன்னும் இரண்டு சுற்று தாங்கினால் அதிசயம். சாய் என் பக்கத்தில். தண்ணீர் மட்டும் குடித்தான்.

அவன் ஏதாவது கிறுக்குத்தனம் செய்வான் என்று காத்திருந்தேன். செய்யவே இல்லை. நல்ல சீட்டுக்காகக் காத்து நான் விட்டு விட்டு, கட்டாயப் பந்தயத்திலேயே என் சிப்ஸ் கரைந்தது; அப்போதும் அவனைவிடக் கொஞ்சம் அதிகம்தான். அப்புறம்தான் உறைத்தது — பழைய சாய்க்குப் போட்ட கணக்கை வைத்து ஆடிக்கொண்டிருக்கிறேன். இவன் நன்றாக ஆடக் கற்றிருந்தால், பெரியவருக்கு முன்னால் வெளியே போகப் பயப்படுவான். அப்படியானால் நான் எதை வைத்துத் தள்ளினாலும் மோதாமல் சீட்டை விடுவான். பழைய சாய் என்றால் பார்ப்பான், நான் தொலைந்தேன்.

அவன் மாறிவிட்டான் என்று நம்ப வேண்டும். அவ்வளவுதான். அது எவ்வளவு கஷ்டம்.

என் கையில் ஒன்பதும் நாலும், வெறும் குப்பை. மொத்தத்தையும் தள்ளினேன். என் முகத்தையே பார்த்தான். பிறகு சீட்டைத் திருப்பிக் காட்டிவிட்டுப் போட்டான். ஜோடிப் பத்து. பார்த்திருந்தால் பெரும்பாலும் அவன்தான் ஜெயித்திருப்பான்.

அதன் பிறகு சுற்றுக்குச் சுற்று தள்ளினேன், அவன் விட்டுக்கொண்டே இருந்தான். பெரியவர் போனார். சாய் மூன்றாவதாகப் போனான். கோப்பை எனக்கு.

வாசலில் நின்றிருந்தான்.

"முன்னன்னா பாத்துருப்பேன், குழல்."

"தெரியும். யார் மாத்துனா?"

"அனன்யா. இப்ப எங்கூட இருக்கா. அவளுக்குச் சீட்டே தெரியாது. கோவம் வந்தா ஒரு வாய் தண்ணி குடிங்கன்னு சொல்லுதா. அவ்வளவுதான்."

நானும் அஞ்சு வருஷம் சொன்னேனே. வாயில் வந்தது, கேட்கவில்லை. அவன் நல்லவனாக ஆனதால்தான் ஜெயித்தேன். இதை யாரிடம் போய்ச் சொல்ல?

ஜூன் 15, திங்கள்

வீடு. கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பிரிட்ஜ் மேல் வைத்திருக்கிறேன்.

ஜூன் 28, ஞாயிறு

நானே சாய்க்குப் போன் செய்தேன். விவாகரத்துக்குக் கோர்ட்டில் சேர்ந்தே மனு கொடுத்துவிடலாம் என்றேன். "நீ கேக்கமாட்டேன்னு நெனச்சேன்" என்றான். நானும்தான்.

ஜூலை 22, புதன்

காலையில் மனு கொடுத்தோம். சாப்பிட்டுப் போகலாமா என்று கேட்டான். வேண்டாம் என்று குற்றாலத்துக்கு பஸ் ஏறினேன். இந்தச் சீசனில் முதல் தடவை. அருவியில் பெண்கள் பக்கம் நல்ல கூட்டம். பையை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் அணைத்துக்கொண்டு நின்றேன்.

"கூட யாரும் வரலையா?" என்றாள் பக்கத்தில் நனைந்து நின்ற ஒருத்தி. ஊர் ஆலங்குளமாம்.

"இல்லக்கா. புருஷன் கெடையாது. தனியாத்தான் இருக்கேன்."

அவள் சற்று நகர்ந்து இடம் விட்டாள். "பைய இங்கன வையி. எங்க நாத்தனா பாத்துக்கிடுவா" என்றாள்.

வைத்துவிட்டு அருவிக்குள் போனேன்.