பூதியின் மறுமொழி மலையில் காத்திருப்பது குறித்து

மலை தன் இடத்தில் நிற்க. கடல் தன் எல்லையில் நிற்க. இரண்டுக்கும் இடையே ஒளி மட்டும் நில்லாது செல்க.

வெண்குன்றத்தையும் சங்குமுனையையும் ஒரு குடைக்கீழ்க் காக்கும் ஏந்திழை மாதேவி, சங்குமுனைத் துறையில் இருந்து, ஏழு கோபுரங்களின் ஒளித்தடக் கண்காணி நாகன் தாயனுக்கு விடுக்கும் ஓலை. உமது மலையில் மழை பருவம் தவறாது பெய்க. உமது கண்ணாடிகளில் பாசி படராதிருக்க. வெயிலை நோக்கியே நாள் கழிக்கும் உமது ஆட்களின் கண்கள் மங்காதிருக்க. இங்கு யாவரும் நலம். நலம் சொல்ல மட்டும் ஒரு குதிரையை மலை ஏற்றுவது நம் வழக்கம் அன்று என்பதை நீர் அறிவீர். ஆகவே பொருளுக்கு வருகிறோம்.

இத்துறையில் கட்டப்பட்டு வரும் பெருங்கலத்தின் அடிமரம் சேர்த்தவன் அழிசி என்னும் தச்சன். கலம் வரும் முழுநிலவில் மணற்றீவுக்குப் புறப்படும். இரண்டு மழைக்காலம் கழித்தே திரும்பும். நடுக்கடலில் அடிமரம் விரிந்தால் அதை இழுத்துக் கட்டத் தெரிந்தவன் அவன் ஒருவனே என்பதால், உடன் வருமாறு அவனைக் கேட்டோம். வீட்டார் இசைவு வாராமல் கலம் ஏறுவதில்லை என்பது நம் தச்சர் வழக்கம். எனவே வெண்குன்றத்து நாவலடித் தெருவில் இருக்கும் தன் மனைவி பூதிக்கு அவன் கோபுரக் கண்ணாடிகள் வெயிலை மின்னிக் கடத்தும் ஒளி வழியே கேட்டு அனுப்பினான். கேள்வி மலை ஏறிவிட்டது. மறுமொழி இறங்கவில்லை.

காரணம் கேட்டோம். பூதியின் வீட்டுக்கு இத்திங்களுக்கு உரிய ஒளி அளவு தீர்ந்துவிட்டது என்றும், அளவு தீர்ந்த வீட்டின் சொல் மற்ற எல்லாருடைய சொல்லும் சென்ற பின்னரே செல்லும் என்றும், காலை முழுவதும் மிளகு ஏலம் தடத்தை நிறைத்திருக்க, ஏலம் ஓயும் வேளையில் மேகம் வந்து வெயிலை மூடிவிடுவதால் அவள் முறை வருவதே இல்லை என்றும் உமது ஆட்கள் விடை தந்தார்கள். விடையில் பிழை இல்லை. நம் கட்டளையை நீர் எழுத்துப் பிசகாமல் நடத்தியிருக்கிறீர். உம்மேல் சினம் இல்லை.

ஆயினும் இங்கே நடப்பதை நீர் அறிய வேண்டும். அழிசி ஒவ்வொரு காலையும் உளியைக் கீழே வைக்காமலே வந்து கோபுரத்தடியில் நிற்கிறான். வேலை கெடவில்லை, முன்னிலும் விரைவாகவே செய்கிறான். உடன் வேலை செய்வோர், "உன் பொண்டாட்டி வாய் தொறக்கிறதுக்குள்ள மிளகு நாலு கை மாறிடும்டா" என்று கேலி செய்கிறார்கள். அவனுக்குப் பதிலாக வேறொருவனை ஏற்றிக்கொள்ளலாம் என்று கலத்தலைவர் கூறியதைக் கேட்டு, அவனை அழைத்து, இசைவு வந்ததாகவே கொண்டு ஏறுவாயா என்று வினவினோம். அவன் தலை நிமிராமல் சொன்னது இது: "போன்னாலும் சரி, இருன்னாலும் சரி, தாயே. அவ சொன்னது எதுன்னு தெரியாம நான் ஏறமாட்டேன்."

நாம் அவனை வற்புறுத்தவில்லை. வற்புறுத்தி ஏற்றிய தச்சன் கடலில் எதற்கும் உதவான்.

இந்த ஓலையை ஏழு கோபுரங்களிலும் நீர் உரக்கப் படிக்கப் போகிறீர். மிளகு வணிகர் கூச்சலிடுவார்கள். ஆகவே கட்டண முறை எதற்காக வந்தது என்பதை மறந்தவர்க்காகச் சொல்லி வைக்கிறோம். முன்னர் எல்லா வீடுகளும் வணிக மனைகளும் ஒரே கட்டணம் செலுத்தின. திங்களுக்கு ஒரு முறை மகனிடம் நலம் கேட்கும் மூதாட்டியும், விடிந்தது முதல் வெயில் சாயும் வரை விலை கேட்டுக்கொண்டே இருக்கும் பட்டு வணிகரும் ஒரே தொகையைத் தந்தார்கள். வணிகர் செலவை மூதாட்டி சுமந்தாள். அதை நீக்கி, பயன்படுத்தும் அளவுக்கே விலை என்றோம். துளையிட்ட செப்பு வட்டில் நீரில் மிதந்து மூழ்கும் நேரம் ஓர் அளவு. வீடுகளுக்குச் சிறு தொகைக்குத் திங்கள்தோறும் இத்தனை வட்டில் என்று வரையறுத்தோம். மேலும் வேண்டுவோர் வட்டிலுக்கு இவ்வளவு என்று தந்து பெறலாம், தர இயலாதோர் கடைசியில் காத்திருக்கலாம் என்றோம். வணிக மனைகளுக்கு வரையறை இல்லை. ஓடும் ஒவ்வொரு வட்டிலுக்கும் அவர்கள் தருகிறார்கள், நெரிசல் மிகுந்த காலையில் கூடுதலாகவே தருகிறார்கள். அதற்கு ஈடாக அவர்கள் சொல் முதலில் செல்லும், சொன்ன நேரத்தில் செல்லாவிட்டால் கட்டணம் திரும்பும். இந்த முறை நேர்மையானது. இதை மாற்றப் போவதில்லை.

ஆனால் அளந்த இடத்தில் ஒரு பிழை இருக்கிறது. அதை அழிசியின் வீட்டுக் கணக்கைப் பார்த்த பிறகே கண்டோம்.

வட்டில் முறையை வகுத்தவர்கள் துறைமுகத்தார். துறைமுகத்தார் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்ததும் கண்ணாடியைத் திருப்பிவிட்டு வேலைக்குப் போகிறவர்கள். மலைக்காரர் அப்படி அல்லர். சொல் முடிந்த பின்னும் முதலில் கண்ணாடியைத் திருப்புகிறவர் சண்டை போட்டவர் என்று மலையில் கருதுகிறார்கள். ஆகவே இருவரும் திருப்புவதில்லை. மலையில் ஒருவரும் கரையில் ஒருவருமாக, பேச எதுவும் இல்லாமல், கோபுரத்தின் கீழ்த்தட்டில் தம் வீட்டுக்கென வைத்த சிறு கண்ணாடியில் தெரியும் ஒளிப்புள்ளியைப் பார்த்துக்கொண்டு, மேகம் வந்து பிரிக்கும் வரை நிற்கிறார்கள். பூதி தன் கணவனோடு பேசியது மிகக் குறைவு. அவளுடைய அளவில் பெரும்பகுதி அவள் பேசாமல் நின்ற நேரத்துக்கே போயிருக்கிறது. கேள்வி வந்த அன்றும் அவள் உடனே விடை சொல்லவில்லை. ஒளியை அணைக்காமல் நின்றிருக்கிறாள். வட்டில் மூழ்கிக்கொண்டே இருந்திருக்கிறது. அவள் வாய் திறந்தபோது அளவு முடிந்திருந்தது.

இரக்கத்தால் இதை எழுதுவதாக எவரும் எண்ண வேண்டா. தடத்தின் சுமை அறிந்தே எழுதுகிறோம். சொல் செல்வது மேல்தட்டின் பெருங்கண்ணாடி வழியே, நெரிசல் அங்கேதான். கீழ்த்தட்டின் சிறு கண்ணாடி வெயிலைத் தாங்கி நிற்பதால் ஒரு மிளகு மணியின் விலையும் ஒரு நொடி தாமதிப்பதில்லை. எவர் வழியையும் அடைக்காத ஒன்றுக்கு விலை வாங்கினோம். வாங்கியது தவறு.

ஆகவே இந்த ஓலை உமது கையை அடைந்த வேளை முதல் நம் ஆணை இது. பெருங்கண்ணாடியில் சொல் செல்லும்போது மட்டுமே வட்டிலை நீரில் இடுக. சிறு கண்ணாடி சும்மா ஒளிரும் நேரத்தை அளவில் சேர்க்க வேண்டா. இத்திங்களில் அவ்வாறு சேர்த்ததை ஒவ்வொரு வீட்டுக்கும் திருப்பி வரவு வைக்க. வீட்டுக்கு ஒரு நீதி, வணிக மனைக்கு ஒரு நீதி என்று இதில் இல்லை. சும்மா ஒளிர நேரம் உள்ள வணிகர் இருந்தால் அவரும் ஒளிரட்டும். அவ்வாறு திருப்பியதும் பூதிக்கு அளவு மீளும். அவள் சொல் உரிய முறைப்படி அன்றைக்கே இறங்கும். அவளை மிளகுக்கு முன்னால் தள்ளிவிட வேண்டா. முறை போதும்.

அவள் சொல்வதை ஓர் எழுத்தும் கூட்டாமல் குறைக்காமல் அனுப்புக. இரு என்று அவள் சொன்னால், தேர்ந்த தச்சன் இன்றியே கலம் போகும். அந்த இழப்பு நம்முடையது. அதற்காக அவளிடம் எவரும் சென்று பேச வேண்டா.

இந்த ஆணையை ஒளியில் அனுப்பாமல் ஓலையில் அனுப்புவது ஏன் எனில், ஒளிக்கு முத்திரை இல்லை. முத்திரை இல்லாமல் கட்டணத்தை மாற்றத் தொடங்கினால் நாளை எவரும் மாற்றுவர். குதிரை ஏறவும் இறங்கவும் ஆகும் நாள்களைச் சேர்த்தால் நிலவு நிறைந்து தேயத் தொடங்கிவிடும். ஏறும் நாள்கள் மட்டும் என்றால் போதும். இறங்குவதை ஒளி பார்த்துக்கொள்ளும்.

கோபுரங்களில் படிக்க வேண்டியது இவ்வளவே. இனி வருவது உமக்கு மட்டும்.

அரண்மனையின் வீட்டுக் கணக்கும் தீர்ந்துவிட்டதாகவும், விரும்பினால் அதை அரசுக் கணக்கில் சேர்த்து ஒளியைத் திறந்து வைப்பதாகவும் நீர் ஆள் அனுப்பிக் கேட்டிருந்தீர். நன்றி. வேண்டா. அரசு ஒளி அரசு வேலைக்கு. மலை அரண்மனையில் இருக்கும் என் கணவரை நான் பார்ப்பது அரசு வேலை அன்று.

அவர் அதிகம் பேசுகிறவர் அல்லர் என்பதை நீரும் அறிவீர். உண்டேன் என்பார், கால் வலி குறைந்தது என்பார், அதோடு முடிந்துவிடும். அதன் பின் வெயில் மறையும் வரை இங்குள்ள கோபுரக் கீழ்த்தட்டின் இடக்கோடியில் ஒரு புள்ளி அணையாமல் நிற்கும். நான் கணக்கர்களோடு வழக்காடிக்கொண்டிருப்பேன், மரம் எண்ணுவேன், இடையிடையே திரும்பிப் பார்ப்பேன், அது இருக்கும். அளவு தீர்ந்த நாளில் உமது ஆள் வந்து முறைப்படி அந்தக் கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனான். செய்ய வேண்டியதைத்தான் செய்தான். அதன் பிறகும் நான் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அழிசி கோபுரத்தடியில் நிற்பதைக் கண்டது அப்படித் திரும்பிய ஒரு பொழுதில்.

வீடுகளுக்கு ஒளியைத் திருப்பிக் கொடுக்கும்போது நாவலடித் தெருவிலிருந்து தொடங்குக. அரண்மனையைக் கடைசியில் வைக்க. அதற்கு முன்னர் ஒரு வீடு விடுபட்டாலும் எனக்குத் தெரியும்.

ஓலை சேர்ந்தது என்று மறு ஓலை விடுக்க வேண்டா. குதிரைக்கு ஓய்வு தருக. ஒருநாள் கோபுரத்தின் கீழ்த்தட்டில் ஒன்றன்பின் ஒன்றாகப் புள்ளிகள் எழும். அழிசிக்கு வந்த சொல் என்ன என்பதை அவன் நடையிலேயே அறிந்துகொள்வேன். பிறகு இடக்கோடியைப் பார்ப்பேன்.

கயல் முத்திரை இட்டு, நம் கையால் கட்டி, நம் கண்முன் குதிரை ஏற்றியது. ஓலைக்கட்டை நீர் அவிழ்த்தபோது முத்திரை உடையாதிருந்திருக்க வேண்டும். படித்ததும் நடத்துக.