ஓட்டை இல்லாத தொட்டி

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். உங்க முட்டிவலி தேவலையா? அப்பா மாத்திரையை முழுங்குறாரா, இல்லை சட்டைப் பையிலேயே வச்சுக்கிட்டுத் திரியுறாரா?

எங்க பஞ்சர் கடைக்குப் பின்னாடி பழைய கார் டயர் மலையா குவிஞ்சு கிடக்கு. செடி வைக்க எடுத்துக்கோங்க, ஆனா சிமெண்டுத் தரையில மண் சிந்தக்கூடாதுன்னார் முதலாளி. நானும் கூட வேலை செய்யுற மொட்டை அண்ணனும் ரெண்டு டயருக்கு அடியில ரப்பர் ஷீட் ஒட்டி, மண் கொட்டி, மிளகாய் விதை போட்டோம். ஒரு சொட்டுத் தண்ணி கசியலை. எங்களை நாங்களே மெச்சிக்கிட்டோம். முளைச்சதெல்லாம் அழுகிப் போச்சு.

தண்ணி வடிய ஓட்டை போடணுமாம். நாள் முழுக்க ஓட்டையை அடைக்கிறவங்களுக்கு அது எப்படித் தோணும், சொல்லுங்க?

"நல்லா பிடிச்ச ஒட்டுடா, என்னால கிழிக்க முடியாது"ன்னு அண்ணன் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டார். நான் கத்தியை எடுத்தேன். அது வழுக்கி வலது கையில லேசா பட்டுடுச்சு. ரெண்டு மூணு தையல்தான். இது இடது கை எழுத்து, கோணலா இருந்தா பயப்படாதீங்க.

மிளகாய் மறுபடி போட்டாச்சு. இன்னொரு டயர்ல எலுமிச்சை போடலாங்கிறார் அண்ணன். அது காய்க்க நாலஞ்சு வருஷம் ஆகுமேன்னேன்.

"ஆகட்டுமே, நாம எங்க போகப்போறோம்"னார்.

எலுமிச்சை விதையை ஈரத்தோட போடணுமா, காயவச்சா? கேட்டுச் சொல்லுங்க. கட்டு மாத்தக் கூப்பிடுறாங்க.

உங்க மகன்