கூறைப் பகுதியில் இன்னும் உன் பெயர்தான்

இன்று காலை புதுக் கூறைச் சேலைகளின் பெட்டியைத் திறந்தபோது பட்டும் பூச்சி உருண்டையும் கலந்த அந்த வாசம் எழும்பியது. அந்நேரம் பார்த்துக் கதிரவெளியிலிருந்து ஓர் அம்மா மகனின் கல்யாணத்துக்குக் கூறை எடுக்க வந்தார். வந்தவர் முதலில் கேட்டது சேலையை அல்ல, உன்னை.

"மற்றத் தங்கச்சி எங்க புள்ள?"

நீ போய்ச் சேர்ந்துவிட்டாய் என்றேன். அப்படியே கதிரையில் அமர்ந்து கண்ணைத் துடைத்தார். எனக்கு வந்ததோ எரிச்சல். செத்த பிறகும் உன்னைத்தான் தேடி வருகிறார்கள்.

இருவரும் ஒரே நாளில் இந்தக் கடையில் சேர்ந்தோம். கல்லடியிலிருந்து ஒரே பஸ்ஸில் பாலம் கடந்து வந்தோம். சேலை விரிப்பதிலும் நிறம் பொருத்துவதிலும் நான் உனக்கு ஒரு துளியும் குறைவில்லை. பேச்சில் உன்னைவிடக் கெட்டிக்காரி. ஆனாலும் கூறை எடுக்க வருகிறவர்கள் உன் மேசையைத்தான் விசாரித்தார்கள். ஒருவராவது என்னைத் தேடி வரமாட்டாரா என்று வாசலைப் பார்த்து நின்றிருக்கிறேன்.

இதே அம்மா முன்பு ஒருநாள் தன் மகளின் கல்யாணத்துக்குப் பெண்ணின் தாயாக வந்திருந்தார். கூறை மாப்பிள்ளை வீட்டுச் செலவு என்பதால் வருங்கால மாமியாருக்குத்தான் நான் விரித்து விரித்துக் காட்டினேன். அவர் ஒன்றைப் பிடித்திருக்கிறது என்ற கையோடு, "இன்னொண்டு காட்டட்டா?" என்று நானே வாயைக் கொடுத்தேன். அவ்வளவுதான், அவருக்குக் குழப்பம் வந்துவிட்டது. எழும்பப் பார்த்தார்.

தேத்தண்ணி குடித்துவிட்டு வந்த நீ யாரோடும் பேசவில்லை. ஒதுங்கி இருந்த இந்த அம்மாவின் கை அரக்குச் சேலை ஒன்றின் கரையை விடாமல் தடவுவதைக் கண்டாய். அதை எடுத்து மாமியாரிடம் நீட்டி, "மருமகள்ற தோள்ல நீங்களே ஒருக்காப் போட்டுப் பாருங்க மாமி" என்றாய். பிறகு மற்றச் சேலைகளை மடிக்கத் தொடங்கினாய். மாமியார் போட்டுப் பார்த்தார். பெண் தாயைப் பார்த்துச் சிரித்தாள். சேலை விலைபோனது.

நான் பாதி நாள் மாரடித்ததை நீ ஒரு வசனத்தில் முடித்தாய். பஸ்ஸில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தேன்.

"நீ செலவழிக்கிற ஆளப் பாக்காய் கா. நான் வாய் திறக்க ஏலாத ஆளப் பாக்கன். அவட முகம் ஓம் எண்டா, நம்ம வாய மூடிரணும்" என்றாய். சொன்ன விதம்கூட எனக்குப் பிடிக்கவில்லை.

இன்று மாமியார் இந்த அம்மா. அவரோடு வந்த பெண்ணின் தாய் சுவரோரம் ஒதுங்கி நின்றார். அவரையும் கிட்ட வந்து இருக்கச் சொன்னேன். மாம்பழ நிறச் சேலையில் அவர் கண் நின்றதும் அதைக் கதிரவெளி அம்மாவின் கையில் கொடுத்தேன். மிச்சத்தை மடித்தேன். இன்னும் நல்லதொன்று அலுமாரியில் இருந்தது. நாக்கு துடித்தது, சொல்லவில்லை. அவர் மருமகளின் தோளில் போட்டுப் பார்த்து, "இதையே கட்டித் தாங்க" என்றார்.

நான்தான் பார்த்தேன், நான்தான் பேசாமல் இருந்தேன். வாசல்வரை போனவர் திரும்பி, "அந்தத் தங்கச்சி இருந்தாலும் இதத்தான் எடுத்துத் தந்திருப்பா" என்றார்.

ஓம் என்று தலையாட்டினேன். உனக்காக அழுகிறவர்களின் அழுகை ஒருநாள் அடங்கிவிடும். உன்மேல் எனக்குள்ள இந்தப் பொறாமை அடங்காது, பார். இது இருக்கும்வரை நீ எனக்குப் பக்கத்து மேசையில்தான் நிற்கிறாய்.