சனிக்கிழமை ஏறும் ஈரம்

டிசம்பர் 8, திங்கள்

இடுப்பு விட்டுப்போச்சு. மழை நின்று ஐந்து நாளாகிறது, நாங்கள் இன்னும் சேறு அள்ளிக்கொண்டிருக்கிறோம். இன்று மேனாம்பேட்டில் ஒரு வீடு. ஜெயராமன், கண்ணம்மா என்று வயதான தம்பதி. கீழ்த்தளத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றிருக்கிறது. இருவரும் மாடியில் ஒற்றை அறையில் இருக்கிறார்கள். சேற்றை வழித்து, மருந்து தெளித்து, ஈரம் உறிஞ்சும் மெஷின் இரண்டை ஹாலில் ஓடவிட்டேன். சுவரில் ஈரம் பார்க்கும் மீட்டரை வைத்தால் 41 சதவீதம். பதினாறுக்குக் கீழே வந்தால்தான் காய்ந்தது என்று எழுத முடியும்.

“பொங்கலுக்குள்ள காஞ்சிடுமா தம்பி? சுண்ணாம்பு அடிக்கணும்” என்றார் கண்ணம்மா. காய்ந்துவிடும் என்றேன். எல்லோரிடமும் அதைத்தான் சொல்கிறேன்.

மகன் விஷ்ணு பூந்தமல்லியில் அபார்ட்மெண்டில் இருக்கிறார், ஐ.டி. வேலை. போனில் பிடித்தார். “அந்த வீடு ஆகாதுன்னா அப்படியே எழுதிக் குடுத்துடுங்க பாய். நான் கூப்பிட்டா அம்மா வரமாட்டேங்கறாங்க. மீட்டர் சொன்னா கேப்பாங்க.”

டிசம்பர் 11, வியாழன்

மேனாம்பேடு 27. நல்ல இறக்கம். நாளை எனக்கு லீவு. வேலைக்குச் சேரும்போதே ஜும்மாவுக்காக ஞாயிற்றுக்கிழமைக்குப் பதில் வெள்ளி கேட்டு வாங்கியது. அதற்கு இன்றுவரை ஆபீசில் முணுமுணுப்பு.

டிசம்பர் 13, சனி

34. ஏறியிருக்கிறது! மீட்டரில் கோளாறோ என்று பேட்டரி மாற்றினேன். அதே 34.

டிசம்பர் 18, வியாழன்

22. இறங்கிவிட்டது. கண்ணம்மா டீ கொடுத்தார். நம்மைச் செருப்போடு வாசலிலேயே நிறுத்திவைக்கிற வீடுகள்தான் அதிகம். இங்கே நாற்காலி போடுகிறார்கள். ஜெயராமன் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் பேசி நான் கேட்டதில்லை.

டிசம்பர் 20, சனி

மறுபடி 33. வாரம் முழுக்க இறங்குகிறது, சனிக்கிழமை வந்தால் ஏறுகிறது. கரண்ட் போகவில்லை. மோட்டாரை நிறுத்திப் பைப், தொட்டி எல்லாம் பார்த்தேன், எங்கும் கசிவில்லை. அப்படியானால் தரைக்கு அடியிலிருந்து வருகிறது. அப்படிப்பட்ட வீடு காயவே காயாது. எத்தனை நாளைக்குத்தான் அதோடு மல்லுக்கட்டுவது?

டிசம்பர் 22, திங்கள்

எழுதிவிட்டேன். ‘நிலத்தடி நீர் சுவரில் ஏறுகிறது. கீழ்த்தளம் குடியிருக்கத் தகுந்ததல்ல.’ கீழே என் கையெழுத்து. விஷ்ணு இரண்டு முறை நன்றி சொன்னார். ஜனவரி 4 அன்று அவர்களைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போகிறாராம். வீட்டை விற்கவும் ஆள் பார்க்கிறார்.

கண்ணம்மா மட்டும் சுவரைத் தடவிக்கொண்டே நின்றார். “நீ சொன்னா சரியாத்தான் இருக்கும் தம்பி.” திட்டியிருந்தால்கூடத் தேவலை.

டிசம்பர் 24, புதன்

மனைவி ஜீனத் இடுப்புக்குத் தைலம் தேய்த்தாள். அசதி.

டிசம்பர் 26, வெள்ளி

லீவு நாள். ஆனால் காலையிலேயே முதலாளி ஸ்ரீநாத்தின் போன். டிரைவர் வரவில்லையாம், மேனாம்பேட்டு மெஷின்களை எடுத்து வேப்பம்பட்டில் இறக்கணுமாம். “தொழுகைக்கு முன்னாடி திரும்பிடலாம் பாய்.” எட்டு மணிக்குப் போய் நின்றேன்.

கேட்டுக்கு அடியில் தண்ணீர் தெருவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே கண்ணம்மா, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, வாளி வாளியாக ஊற்றி ஹாலைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தார். தண்ணீர் சுவரடியில் தேங்கி, டைல்ஸ் இடுக்கில் இறங்கிக்கொண்டிருந்தது.

“இன்னாம்மா பண்றீங்க?”

“வெள்ளிக்கிழமை இல்ல? ஊட்டைக் கழுவி விளக்கேத்தணும். கல்யாணம் ஆனதுலேர்ந்து பண்றேன்.”

“போன வாரமும் கழுவினீங்களா?”

“எல்லா வாரமும்தான். மெஷினை நிறுத்திட்டுத்தான் கழுவறேன், பயப்படாத. நீதான் வெள்ளிக்கிழமையில வரமாட்டியே.”

மடையன். நான் ஒரு மடையன். பைப்பைப் பார்த்தேன், தொட்டியைப் பார்த்தேன், பூமிக்கு அடியில் வரை யோசித்தேன். அந்த அம்மாவை ஒரு வார்த்தை கேட்டேனா? என் வீட்டிலும் ஜீனத் வெள்ளிக்கிழமைதானே கழுவுகிறாள்! மெஷின் இன்னும் ஓடட்டும் என்று எடுக்காமலேயே திரும்பிவிட்டேன். தொழுகையிலும் மனசு நிற்கவில்லை.

டிசம்பர் 27, சனி

விஷ்ணுவுக்குப் போன் செய்து தப்பு என்னுடையது என்றேன். அதற்கு அவர், “விடுங்க பாய். அந்த பேப்பர் அப்படியே இருக்கட்டும். இந்தத் தடவை அப்பாவ ரெண்டு பேர் தோள்ல தூக்கி மாடிக்கு ஏத்தினாங்க. நான் வந்து சேர ஏழு மணி நேரம் ஆச்சு. அடுத்த மழைக்கு யார் தூக்குவாங்க? அம்மாகிட்ட சொன்னா, தன்னாலதான் வீடு போச்சுன்னு உடைஞ்சிடுவாங்க.”

அவர் சொல்வதில் தப்பு இல்லை. என் அப்பா என்றால் நானும் அதையேதான் சொல்வேன். ஆனால் வெள்ளம் வரும் என்பது உண்மை, நிலத்தடி நீர் என்பது பொய். பொய்க்குக் கீழே இருப்பது என் கையெழுத்து.

டிசம்பர் 29, திங்கள்

கண்ணம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

“நானேவா? என் கையாலயேவா?” என்று மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். அழுகை. கேட்காதது என் தப்பு, உங்கள் தப்பில்லை என்று பத்து முறை சொல்லியிருப்பேன். இனிமேல் துணியால் துடைத்தால் போதும், காய்ந்துவிடும் என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு உடனே மகனுக்குப் போன் போட்டு, நாலாம் தேதி வரவில்லை என்றார். மகன் என்னைத் திட்டியிருப்பார். திட்டட்டும்.

ஸ்ரீநாத் கத்தித் தீர்த்தார். இனி என் ரிப்போர்ட் எல்லாவற்றிலும் என்னோடு வேலை பார்க்கும் தமிழரசுவும் கையெழுத்துப் போட வேண்டுமாம். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன். வலிக்கத்தான் செய்கிறது.

ஜனவரி 3, சனி

19. ஏறவில்லை.

ஜெயராமன் படியைப் பிடித்துப் பிடித்துக் கீழே வந்தார். கண்ணம்மா கடைக்குப் போயிருந்தார்.

“அவ கழுவறதாலதான் ஈரம் ஏறுதுன்னு எனக்கு மொதல்லியே தெரியும் தம்பி.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “அப்புறம் ஏன் சொல்லல?”

“பயமா கீது. தண்ணி வந்தா என்னை மூட்டை மாதிரி தூக்கினு போறாங்க. அவ பாத்துப் பாத்துக் கட்டுன ஊடு இது. போயிடலாம்னு அவகிட்ட சொல்ல எனக்கு வாய் வரல. உன் பேப்பர் சொல்லட்டும்னு கம்முனு இருந்துட்டேன்.”

“இதை நீங்கதான் சொல்லணும் ஐயா. நான் சொல்லமாட்டேன்” என்று மட்டும் சொன்னேன். மற்றவர்கள் சொல்லத் தயங்குவதையெல்லாம் என் தலையிலேயே கட்டினால் எப்படி?

ஜனவரி 10, சனி

14. காய்ந்துவிட்டது. ‘வீடு குடியிருக்கத் தகுந்தது’ என்று புதிதாக எழுதி, தமிழரசுவின் கையெழுத்தும் வாங்கிப் போனேன்.

வாசலில் விஷ்ணுவின் கார். கதவோரம் இரண்டு பெட்டி. கண்ணம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேப்பரை ஒரு வரி விடாமல் படித்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

“அவரு சொல்லிட்டாரு தம்பி. பயமா கீதுன்னு. இத்தினி வருசம் கூட இருந்திருக்கேன், எனக்குத் தெரியல பாரு.” பையை இழுத்து மூடினார். “ஆவாத ஊடுன்னு விட்டுட்டுப் போவல. நல்ல ஊட்டைப் பூட்டினு போறேன். அது போதும்.”

விஷ்ணு கைகொடுக்க வந்தார். ஜெயராமன் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கைத்தடியை ஊன்றி, தானே நடந்துபோய்க் காரில் ஏறினார்.