அரைக் கட்டை கீழே

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்பளவில் சௌக்கியமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடிக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும். வாராவாரம் போனில் பேசுகிறோமே, இதென்ன புதிதாகக் கடிதம் என்று பயந்துவிடாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சில விஷயங்களைச் சொல்ல வாய் வரமாட்டேன் என்கிறது, கைதான் வருகிறது. அப்பா அவர் வாசிக்கும் அந்தப் பழங்காலக் கம்பிப்பெட்டி வாத்தியத்துக்குப் புதுக் கம்பி வாங்கப் போயிருக்கிறார், கடைக்காரரோடு சண்டை போட்டுவிட்டு வர ஒன்றரை மணி நேரமாவது ஆகும். மாடிப்படி பல்பு மறுபடி போய்விட்டது. கீழ்வீட்டுப் பல் டாக்டர் காலி செய்துவிட்டார், இனி எங்கள் சாதகத்தைப் பற்றிப் புகார் சொல்ல ஆளில்லை, அதுவும் ஒரு மாதிரி வெறிச்சென்று இருக்கிறது. அப்பா பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார், அதாவது நான் எதிரே நின்றால் போடுகிறார்.

மாப்பிள்ளைக்கு மட்டும் இதைப் படித்துக் காட்டு, அவருக்கும் புரியும்படி எழுதுகிறேன். முந்நூறு வருஷத்து மேல்நாட்டுப் பாட்டை அப்பாவின் குழுவோடும், மை காயாத புதுப் பாட்டை வேறு குழுக்களோடும் பாடுவதுதான் முப்பது வருஷமாக என் பிழைப்பு. அந்தக் காலத்துச் சுருதி இன்றைய சுருதியைவிட அரைக் கட்டை குறைவு. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று மாறி மாறிப் பாடினாலும் நான் ஒருநாளும் தடுமாறியதில்லை, எந்தச் சுரம் எங்கே இருக்கிறது என்று எனக்கு யாரும் எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை. அந்தத் திமிருக்காகவே ஓர் இசையமைப்பாளர், தாடிக்காரர், என்னைத் தேடி வந்து எனக்கென்று ஒரு பாட்டு எழுதினார். முதல் நான்கு நிமிடம் என் குரல் மட்டும், துணைக்கு ஒரு வாத்தியமும் கிடையாது, பிறகு நான் நிற்கும் அதே சுரத்தில் பன்னிரண்டு வயலின்கள் வந்து சேர வேண்டும். போன மாதம் அரங்கேற்றினோம். நானும் ராணி மாதிரி நின்று பாடினேன். வயலின்கள் வந்து சேர்ந்தபோதுதான் தெரிந்தது, நான் அரைக் கட்டை கீழே நின்றுகொண்டிருந்தேன். நடுவில் ஏறினால் இன்னும் அசிங்கம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே முடித்தேன். ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள் பாப்பா. குரலுக்கும் வயலினுக்கும் நடுவே அந்த உரசல் நெஞ்சை அறுத்தது என்று பத்திரிகையில் ஒருவர் எழுதினார், யார் நெஞ்சை என்று அவருக்குத் தெரியாது. தாடிக்காரர் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, நான் எழுதினத விட நீங்க பாடினதுதாங்க சரி, இனிமே இப்படியே வெச்சுக்கலாம் என்றார். தப்பு நடந்துவிட்டது என்று சொல்ல வாயைத் திறந்தேன், அதற்குள் போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார், சிரித்துத் தொலைத்தேன். மறுவாரமே அந்தத் தப்பைப் பாட்டிலேயே எழுதி அச்சடித்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். இருபத்திரண்டு ஊர்களில் கச்சேரி பேசியிருக்கிறார்கள். முதல் பாதி அப்பாவின் குழு, இரண்டாம் பாதி இந்தப் பாட்டு. நான் முடியாது என்றால் அப்பாவோடு சேர்த்து ஐந்து பேருக்கு அந்த இருபத்திரண்டு ஊரும் இல்லை.

பள்ளிக்கூடச் சாமான் விற்கும் கடையில், தட்டினால் எப்போதும் ஒரே சுரம் கொடுக்கும் இசைக்கவை ஒன்று வாங்கி வந்து குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தட்டிப் பார்த்தேன். அது ஒன்று சொல்கிறது, என் காதுக்கு அதற்கு அரைக் கட்டை மேலே கேட்கிறது, அதனால்தான் சரி என்று நினைத்துக்கொண்டு கீழே நிற்கிறேன். காது டாக்டரிடமும் போனேன். கேக்கறதுல ஒரு குறையும் இல்லம்மா, உங்கள மாதிரி சுரத்த மனசுலயே வெச்சிருக்கற ஆளுங்களுக்கு வயசானா இது கொஞ்சம் நகரும், மாத்திரை கிடையாது என்று அன்பாகத்தான் சொன்னார். இப்போது நான் வேண்டுமென்றே தப்பாகப் பாட வேண்டும். சரி எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தானே அதிலிருந்து இறங்க முடியும்? ஒத்திகையில் ஒருநாள் வயலினோடு ஒட்டிக்கொள்கிறேன், ஒருநாள் பாதாளத்துக்குப் போகிறேன். தாடிக்காரர் தாடியைத் தடவிக்கொண்டு, அன்னிக்கு மாதிரி வரலியே என்கிறார். எப்படி வரும்?

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் என்னைத் தின்கிறது. அவர் காது பாம்புக் காது, மயிரிழை பிசகியதற்குக் கல்யாணமான மறுநாளே என்னைத் திட்டியவர். அன்றைக்குக் கச்சேரி முடிந்து வீட்டுக்கு வரும்போது, நல்லா இருந்துச்சு என்றார், அவ்வளவுதான். எங்கள் குழுவில் என் குரலுக்குத்தான் எல்லோரும் சுருதி சேர்ப்பது, அது அப்பா வைத்த வழக்கம். போன செவ்வாய்க்கிழமை ஒத்திகைக்கு முன்னால் இசைக்கவையை வைத்துப் பார்த்துக்கொண்டு, வேண்டுமென்றே அந்தக் காலத்துச் சுருதிக்கும் அரைக் கட்டை இறக்கிச் சுரம் கொடுத்தேன். கத்துவார் என்று காத்திருந்தேன், கத்தட்டும் என்றுதான் கொடுத்தேன். அவர் தலையைத் தூக்காமல் ஒவ்வொரு கம்பியாகத் தளர்த்த ஆரம்பித்தார். வயலின்காரர்களும் அவரைப் பார்த்து இறக்கினார்கள். புல்லாங்குழல்காரர் மட்டும் ஏதோ சொல்ல வந்தார், அப்பா ஒரு விரலைத் தூக்கினார். குழலை அவ்வளவு இறக்க முடியாது, அந்த மனிதர் அதைப் பைக்குள் வைத்துவிட்டுச் சாயங்காலம் வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது பாப்பா. என் மேல் உள்ள பிரியத்தால் கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்கிறார்கள், நான் உள்ளே மூச்சு முட்டிக்கொண்டு பாடுகிறேன்.

உனக்கு அப்பாவின் காது. பதினொரு வயதில் நீ பாடும்போதெல்லாம் முகத்தைச் சுளித்துச் சுளித்தே உன் வாயை அடைத்தவள் நான், நீ கணக்குப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். அதை நினைத்து இப்போது வெட்கப்படுகிறேன். என்னிடம் பதிலுக்குப் பதில் பேச உனக்குத்தான் உரிமை இருக்கிறது. செவ்வாய்க்கிழமை ஒத்திகையைப் பதிவு செய்து பென் டிரைவில் போட்டு இதோடு அனுப்புகிறேன். மாதக் கடைசியில் ஒப்பந்தத்தில் கையெழுத்து. தப்பு என்று எனக்கே தெரியும், ஆனால் யாராவது ஒருவர் வாயால் அதைக் கேட்காமல் என்னால் நிறுத்த முடியாது. நீ சொன்னால் கையெழுத்துப் போடமாட்டேன், சொல்லாவிட்டால் போட்டுவிடுவேன், எனக்கு அவ்வளவுதான் தைரியம்.

நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல், மனம் விட்டுப் பேசிக்கொண்டு நீண்ட நாள் வாழ வேண்டும். வெந்நீர் குடி, கழுத்துவலிக்குத் தலையணையை மாற்று. இது கைக்குக் கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் செய். அப்பா பக்கத்தில்தான் இருப்பார், நான் ஸ்பீக்கரில் போடுகிறேன். சாப்பிட்டாயா என்று என்னைக் கேட்காதே. அவர் காதிலும் விழும்படி, அம்மா, நீ பாடினது தப்பு என்று சொல்.

உன் அம்மா