பிடி என்றால் விடு

ஆகஸ்ட் 8, வெள்ளி

விடியலிலிருந்தே தூறல். ஆபீசுக்குக் காய்ச்சல் என்று மெசேஜ். பொய். கே.ஜி.எஃப். ஊரிகம் ஸ்டேஷனிலிருந்து பெங்களூர் வண்டி கிளம்பும் சத்தம், நான் இல்லாமல். ஆனந்தம்.

நந்திதுர்க் சுரங்கம் தாண்டி இருக்கும் ரேஸ் ட்ராக்கில் பயிற்சி. ஞாயிறன்று பெண்கள் கார் ரேஸ். நாற்பத்து நான்கு வயதில் முதல் போட்டி, கேட்பவர்கள் சிரிக்கட்டும். ஓட்டியே ஆகவேண்டும் எனக்கு.

ட்ராக் முழுக்க ஈரம். இரண்டாவது வளைவில் காரின் பின்பக்கம் சர்ரென்று வெளியே சறுக்கியது. ஹெல்மெட் ஸ்பீக்கரில் கோச் மஞ்சு சார், "பிடி மேடம், பிடி பிடி." ஸ்டியரிங்கை உயிரே போனாலும் விடமாட்டேன் என்று பிடித்தேன். கார் பம்பரமாகச் சுற்றிப் புல்லில் நின்றது. அடுத்த சுற்றிலும் அதே கதை. சார் கன்னடத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்: நாளைக்குள் ஒரு சறுக்கலையாவது சமாளித்துக் காட்டாவிட்டால் ஞாயிறு லிஸ்டில் என் பெயர் கிடையாது.

ராத்திரி ரசம் மட்டும். வீட்டுக்காரர் எட்வினிடம் புலம்பல்.

"பிடி பிடின்றாரு. புடிச்சிக்கினுதாங்க கீறேன். அப்பவும் சுத்துது."

"அவரு இன்னா பாஷைல சொன்னாரு?"

"கன்னடத்துல."

"அப்ப பிடின்னா உடுன்னு அர்த்தம். நம்ம ஆளா இருந்தா புடின்னு சொல்லிருப்பான்."

அட கடவுளே. பெங்களூர் பஸ்ஸில் தினமும் "தாரி பிடி" என்று வழி விடச் சொல்லி இறங்குகிறவள் நான். கார் சறுக்கியதும் காது மட்டும் தமிழுக்கு ஓடிவிட்டது.

வாங்க: எலுமிச்சை, பச்சை மிளகாய், எ.க்கு பிரஷர் மாத்திரை.

சனி, 9

மழை இல்லை. ட்ராக் காயவும் இல்லை. நல்லது.

அதே வளைவு. அதே சறுக்கல். "பிடி மேடம்." ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெதுவாகத் தூக்கினேன். பிரேக்கைத் தொடவில்லை. கண் போகவேண்டிய பாதையில். விரல்களைத் தளர்த்தினேன். ஸ்டியரிங் உள்ளங்கைக்குள் தானாகவே சறுக்கிய பக்கம் திரும்பியது. பின்பக்கம் ஒருமுறை ஆடி, அடங்கி, நேரானது.

ஹெல்மெட்டுக்குள் ஹோவென்று சிரித்தேன். சாருக்கும் கேட்டிருக்கும். பெயர் சேர்த்தாயிற்று. இவ்வளவு சந்தோஷமாக இருந்து எத்தனை நாள் ஆயிற்று.

ஞாயிறு, 10

முதல் ஆராதனை. ஜெபத்தில் மனம் நிற்கவில்லை. பின் வரிசையில் யாரோ, "இன்னாக்கா, இன்னிக்கி ரேஸாமே." ஊருக்கே தெரிந்திருக்கிறது.

மறுபடி தூறல். ஆறு பேர். கடைசி வளைவு வரை நான்காவது. பின்பக்கம் லேசாக நழுவ ஆரம்பித்தது. ஸ்பீக்கரில் மஞ்சு சார், புத்தம்புதுத் தமிழில்: "உடு மேடம், உடு உடு."

காரில் உட்கார்ந்திருக்கும் கே.ஜி.எஃப்.காரியிடம் "உடு" என்றால் ஒரே அர்த்தம்தான்: வண்டியை விரட்டு. ஆக்சிலரேட்டரை அமுக்கினேன்.

பின்பக்கம் மொத்தமாகப் பிய்த்துக்கொண்டு போனது. யோசிக்க நேரமில்லை. கால் தானாகத் தளர்ந்தது, விரல்களும் விட்டுவிட்டன. கார் ஒரு ஆட்டம் ஆடி நேராகி, பயந்து ஒதுங்கிய மூன்றாவது காரை முந்தி முடிவுக் கோட்டைத் தாண்டியது.

மூன்றாவது இடம். நான்.

சார் ஓடி வந்தார், முகத்தில் ரத்தமே இல்லை. காலை எடுக்கச் சொன்னால் அமுக்குகிறீர்களே என்று கன்னடத்தில் பொரிந்தார். உங்களுக்கு அந்தத் தமிழைச் சொல்லிக்கொடுத்தது யார் என்று நானும் கன்னடத்திலேயே கேட்டேன்.

சார் கம்பிவேலியைக் கைகாட்டினார். அதற்கு அந்தப் பக்கம் எட்வின், எலுமிச்சை சாத டப்பாவை ரொம்ப அக்கறையாகத் திறந்துகொண்டிருந்தார்.